ஒரு பாடம் எப்படிப் பாடமாகிறது?

இரும்பையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். அங்கே உவர்நீர் ஒரே பாத்தியில் உப்பாகிவிடுவதில்லை. கடல்நீரின் செறிவு போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரி. அது பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் சுண்டுகிறது. இடைப்பட்ட பாத்திகளில் ஜிப்சம் படிகிறது. ஏறத்தாழ 25 டிகிரியை எட்டியதும் உப்பு விளையத் தொடங்குகிறது. 29, 30 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். ஆகவே செறிவை அறிந்தே நீரை அடுத்த பாத்திக்குத் திறந்துவிட வேண்டும்.

கல்லூரியில் நீங்கள் படிக்கும் பாடமும் இவ்வாறு பல பாத்திகளைக் கடந்து வருவதே ஆகும். அதை எழுதியவர் யார்? ஒப்புதல் அளித்தவர் யார்? இது மாணவர் பலருக்குத் தெரிவதில்லை. அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் உங்கள் மூன்றாண்டுகள் அந்த முடிவுகளில்தான் அடங்கியிருக்கின்றன.

முதல் பாத்தி: பாடத்திட்டக் குழு

நம் பகுதி ஆசிரியர் ஒருவர், 'உவர்நீரின் இயற்பியல்' என்ற விருப்பப் பாடத்தைத் தொடங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செல்ல வேண்டிய இடம் பாடத்திட்டக் குழு. 'போர்டு ஆஃப் ஸ்டடீஸ்' என்று வழக்கில் சொல்வது இதைத்தான்.

இக்குழு எங்கே இருக்கிறது என்பது கல்லூரியைப் பொறுத்தது. சாதாரண இணைப்புக் கல்லூரியாயின் பல்கலைக்கழகத்தில் இருக்கும். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் 2021 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தன்னாட்சிக் கல்லூரியாயின் குழு கல்லூரிக்குள்ளேயே அமைகிறது. 1964-66 ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு தன்னாட்சியைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978-இல் சென்னை லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவை அதைப் பெற்றன.

தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் துறைத் தலைவரும் துறை ஆசிரியர்களும் மட்டும் இருந்தால் போதாது. வெளியிலிருந்து பாட வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோரும் இடம்பெற வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. தாம் நெடுநாள் நடத்திவரும் பகுதியை விட யாருக்கும் மனம் வருவதில்லை அல்லவா? வெளியார் கண் அங்கேதான் பயன்படுகிறது.

இடம் எவ்வளவு?

குழுவில் எழும் முதல் கேள்வி நேரத்தைப் பற்றியது. பொது வழக்கப்படி, ஒரு பருவத்துக்கு 15 வாரம். வாரம் ஒரு மணி வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறையாயின் வாரம் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட். நம் உவர்நீர்ப் பாடத்துக்கு வாரம் 3 மணி வகுப்பும் 2 மணி செய்முறையும் கேட்டால் 4 கிரெடிட் ஆகும். அதாவது 45 மணி வகுப்பு, 30 மணி செய்முறை. வகுப்பு நேரத்தை ஐந்து அலகுகளாகப் பிரித்தால் அலகுக்கு 9 மணி.

இனி, ஆறாவது அலகு ஒன்றும் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். 45 மணி 54 ஆகிவிடாது. இருப்பதில் 9 மணியைக் குறைத்தாக வேண்டும். பாத்தியின் கொள்ளளவு மாறாதபோது புதுநீர் விட்டால் பழைய நீர் கரை வழிந்து போகும். பாடம் வழிந்தால் மாணவன் விழுங்கி ஒப்பிப்பான், புரிந்துகொள்ள மாட்டான். ஆகவே எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நீக்குவது என்பதே கடினமான கேள்வி.

படியா, சுவரா?

அடுத்த கேள்வி முன்தகுதி. திரவமானி மிதப்பதை விளக்க ஆர்க்கிமிடீஸ் தத்துவம் போதும். ஆவியாகும் வேகத்தைக் கணக்கிட வகை நுண்கணிதம் தேவைப்படலாம். மேல்நிலையில் கணிதம் படிக்காத மாணவி என்ன செய்வாள்? 'கணிதம் கட்டாயம்' என்று ஒரு வரி எழுதினால் அவளுக்குக் கதவு அடைபடும். எழுதாமல் விட்டால் மூன்றாம் வாரத்திலேயே அவள் திணறுவாள். சில மணி நேர இணைப்புப் பாடம் ஒன்றை முன்னால் வைத்தால் சுவர் படியாகிவிடும்.

தமிழ்வழி மாணவருக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒரு காலத்தில் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழ் நூல்கள் பலவற்றை வெளியிட்டது. பாடத்திட்டம் மாறும்போது புதிய பகுதிக்குத் தமிழில் நூல் உண்டா என்று கேட்க வேண்டும். கேட்க மறந்தால் இரும்பை மாணவனுக்கு அந்தப் பகுதி தாளில் மட்டுமே இருக்கும்.

இரண்டாம் பாத்தி: கல்விக் குழு

துறை ஒப்புக்கொண்டதும் பாடம் கல்விக் குழுவுக்கு, அதாவது அகாடமிக் கவுன்சிலுக்குச் செல்கிறது. தன்னாட்சிக் கல்லூரியில் முதல்வர் இதன் தலைவர். எல்லாத் துறைத் தலைவர்களும், வெளி வல்லுநர்களும், பல்கலைக்கழகப் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். "இதே செறிவுக் கணக்கை நாங்கள் முன்பே நடத்துகிறோமே!" என்று வேதியியல் துறை சொல்லக்கூடிய இடம் இது. தேர்வு முறை, தேர்ச்சி விதி, மொத்தக் கிரெடிட் ஆகியவையும் இங்கேதான் ஒத்துப்பார்க்கப்படுகின்றன.

ஒரு விதியை இங்கே கவனியுங்கள். பாடத்திட்டக் குழுவின் முன்மொழிவைக் கல்விக் குழு ஏற்கலாம், திருத்தலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பலாம், நிராகரிக்கவும் செய்யலாம். ஆனால் திருப்பினாலும் நிராகரித்தாலும் காரணம் கூற வேண்டும். சோதனை முடிவுக்கு ஆதாரம் கேட்கும் அறிவியல் முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

ஒரே அச்சா, பல அச்சா?

2023-இல் இதில் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் பொதுவான மாதிரிப் பாடத்திட்டத்தை முன்வைத்தது. அதற்கு நியாயம் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவருக்கும், வேலைக்கு மனுச் செய்யும் பட்டதாரிக்கும் பட்டங்கள் ஒன்றுக்கொன்று இணையானவையாக இருக்க வேண்டும். பாடத்தைத் தாமே வகுக்கும் உரிமை போய்விடும் என்று தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. அதற்கும் நியாயம் உண்டு. உவர்நீர்ப் பாடம் மரக்காணத்துக்குப் பொருந்தும், மலைநாட்டுக்குப் பொருந்த வேண்டியதில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் விரும்பினால் ஏற்கலாம் என்று அரசு பின்னர் தெரிவித்தது.

நீங்கள் செய்யக்கூடியது

கல்லூரியில் சேர்ந்ததும் விதிமுறை ஏட்டைக் கேட்டு வாங்குங்கள். மொத்தக் கிரெடிட், கட்டாயப் பாடம், விருப்பப் பாடம், முன்தகுதி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பருவ முடிவில் கருத்துப் படிவம் தந்தால், 'நன்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்த அலகில், எந்த முன்னறிவு இல்லாமல் திணறினீர்கள் என்று எழுதுங்கள். உப்பளத்தில் திரவமானி காட்டும் அளவைப் போல, குழுவின் மேசைக்கு உங்களிடமிருந்து செல்லக்கூடிய அளவு அதுதான்.