பூட்டுக்கு இரண்டு பக்கம்

நமது சங்கத்து உறுப்பினர் குடும்பங்களில் இன்று கார் இல்லாத வீடு குறைவு. கோடை விடுமுறைக்கு ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் பலரும் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நாக்பூரிலிருந்து சென்னைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். எனவே புறப்படுமுன் என்ஜின் ஆயில், டயரில் காற்று, பிரேக் எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். கதவுப் பூட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது திறக்கிறது, மூடுகிறது. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். நிறைய இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். எங்கள் துறையில் ஒரு பாலபாடம் உண்டு. கைகாட்டி மரத்துக்குப் போகும் கம்பி அறுந்துபோனால், எடையின் பாரத்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். ஒரு கருவி பழுதாகும்போது ஆபத்தில்லாத பக்கமாகவே பழுதாக வேண்டும் என்பது அதன் தத்துவம். சரி, கார்க் கதவுக்கு ஆபத்தில்லாத பக்கம் எது? வெளியே நிற்கும் திருடனுக்கு அது மூடியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் குழந்தைக்கும் பாட்டிக்கும் அது திறக்க வேண்டும். ஒரே பூட்டு இந்த இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டியிருக்கிறது. கார் வாங்கும் அன்று நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் முதல் வேலைதான். இரண்டாவதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

சாவிக்குள் இருக்கும் சாவி

2014-ஆம் ஆண்டோடு அம்பாசிடரும் மாருதி 800-ம் உற்பத்தி நின்றுபோயின. அந்தக் கார்களின் சாவி வெறும் உலோகத் துண்டு. இன்றைய சாவி ஒரு குட்டி வானொலி நிலையம். பொத்தானை அமுக்கினால் ஒரு ரகசிய எண் காற்றில் போகிறது. காரில் உள்ள கருவி அதைச் சரிபார்த்து, ஒவ்வொரு கதவிலும் இருக்கும் சின்ன மோட்டாரை ஓட்டிப் பூட்டைத் திறக்கிறது. நல்ல ரிமோட்களில் இந்த எண் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு திருடன் அதைப் பதிவு செய்து மறுபடியும் அனுப்பினாலும் கார் ஏற்காது.

ஆனால் பேரப்பிள்ளை சாவியைப் பொம்மையாக்கி, வீட்டுக்குள் உட்கார்ந்து விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால், சாவியின் கணக்கு வெகுதூரம் முன்னே போய்விடும். அப்போது கார் தன் சொந்தச் சாவியையே அடையாளம் கண்டுகொள்ளாமல் போகலாம். சாவி விளையாட்டுப் பொருள் அல்ல என்பதற்கு இது முதல் காரணம். இதைவிடப் பெரிய காரணங்கள் பின்னால் வருகின்றன.

ரிமோட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 3 வோல்ட் நாணய செல். பல கார்களில் சி.ஆர். 2032 என்ற வகை. 20 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். முன்பு தூரத்திலிருந்தே வேலை செய்த ரிமோட், இப்போது கதவருகே போனால்தான் கேட்கிறது என்றால் செல் தளர்ந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்றிவிடுங்கள். பழைய செல்லை மேஜைமேல் வைக்க வேண்டாம். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். அழுகை நின்றுவிட்டதே என்று காத்திராமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

செல் முழுவதும் தீர்ந்துவிட்டால்? பொத்தான் வைத்த ரிமோட் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் உள்ள விசையைத் தள்ளினால் அது வெளியே வரும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் அதற்கான துவாரம் இருக்கும். சில கார்களில் அதன்மேல் ஒரு மூடியும் இருக்கும். பொத்தானை அமுக்கிக் கிளப்பும் கார்களில், தீர்ந்துபோன சாவியையே அந்தப் பொத்தான்மீது ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பெரும்பாலும் என்ஜின் கிளம்பிவிடும். சாவிக்குள் இருக்கும் சில்லுக்குத் தேவையான சக்தியைக் காரே கொடுத்துவிடுகிறது. எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். நடுராத்திரியில் ஆதிலாபாத் தாண்டி நின்றுகொண்டு அந்தப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட, இன்று மாலையே வீட்டில் புரட்டிவிடலாம்.

உள்ளேயிருந்து திறக்குமா?

இப்போது பூட்டின் மறுபக்கத்துக்கு வருவோம். பின் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோலோ, சாவியால் திருப்பும் பொட்டோ இருக்கும். அதுதான் குழந்தைப் பூட்டு. அதைப் போட்டுவிட்டால் உள்பக்கக் கைப்பிடியை எத்தனை முறை இழுத்தாலும் கதவு திறக்காது. ஓடும் காரில் குழந்தை கதவைத் திறந்துவிடாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் கைப்பிடியை இழுப்பவருக்கு எத்தனை வயது என்பது அந்தப் பூட்டுக்குத் தெரியாது.

எங்கள் காலனியில் ஒரு குடும்பம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பாட்டியைப் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, "பத்து நிமிஷம், வந்துடறோம்மா" என்று கடைக்குள் போனார்கள். மகன் பழக்கத்தில் நடந்துகொண்டே ரிமோட்டை அமுக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே புழுங்க ஆரம்பித்தது. பாட்டி கைப்பிடியை இழுத்தார். பேரனுக்காகப் போட்ட குழந்தைப் பூட்டு, திறக்கவில்லை. ஜன்னல் பொத்தானும் வேலை செய்யவில்லை. வெளியே நின்ற காவல்காரர் மராத்தியில் ஏதோ சொல்லிக் கையைக் காட்டினார். முன் சீட்டுக்கு நகர்ந்து அந்தக் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். பாட்டிக்கு அது புரியவில்லை, பயம்தான் கூடியது. நல்லவேளை, மகன் சீக்கிரம் திரும்பிவிட்டார். மறுநாள் நான் போயிருந்தபோது பாட்டி சொன்னார்: "எனக்கு இந்த ஊர் பாஷையும் தெரியாது, இந்தப் பூட்டும் தெரியாது தம்பி. பாஷை கத்துக்க நாளாகும். பூட்டையாவது சொல்லிக் கொடுங்க."

நியாயமான கோரிக்கை. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நாம் கீஸரைக் காட்டுகிறோம், காஸ் அடுப்பைக் காட்டுகிறோம். கார்க் கதவையும் காட்டிவிட வேண்டும். பல கார்களில் வெளியிலிருந்து பூட்டினாலும் முன் கதவின் கைப்பிடியை உள்ளேயிருந்து ஒரு முறையோ இரண்டு முறையோ இழுத்தால் திறந்துவிடும். சிலவற்றில் குமிழை முதலில் தூக்க வேண்டும். திருட்டுத் தடுப்பு அலாரம் அலறலாம், அலறட்டும். இன்னொன்று: பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலேயே ஹார்ன் அடிக்கும். கதவு திறக்கத் தெரியாத சிறுவனுக்கும் ஹார்னை விடாமல் அமுக்கத் தெரியும். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அரசாங்கமும் இந்த மறுபக்கத்தைக் கவனித்திருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில், மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்பது விதி. அதே நாளிலிருந்து புதிய வாடகைக் கார்களில் குழந்தைப் பூட்டு இருக்கக் கூடாது என்றும் ஆக்கினார்கள். பெண்கள் தனியாக வாடகைக் காரில் ஏறும்போது கதவு திறந்திருக்கையிலேயே அந்த ஓரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

வெயிலும் கண்ணாடியும்

பாட்டியின் கதை நல்லபடியாக முடிந்தது. எல்லாக் கதைகளும் அப்படி முடிவதில்லை. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் இறந்துபோனார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் இதேபோல் நான்கு குழந்தைகள். இரண்டுமே விளையாட்டாகத் தொடங்கியவை.

கண்ணாடி வழியே வெயில் உள்ளே வருகிறது. சீட்டும் டேஷ்போர்டும் சூடாகி உமிழும் வெப்பம் அதே வழியில் வெளியேற முடிவதில்லை. அமெரிக்காவில் அளந்து பார்த்து 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி வெப்பம் கூடுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலைச் சிறிது இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் அளந்தது 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில். நம் நாக்பூரில் மே மாதம் வெளியிலேயே 45 டிகிரி. சிறு குழந்தையின் உடம்போ பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும்.

ஆகவே சில கட்டாய வழக்கங்கள். சொந்தக் காம்பவுண்டுக்குள் நின்றாலும் காரைப் பூட்டியே வையுங்கள். சாவியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். குழந்தையைக் காணவில்லை என்றால், கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கும்போதே காரையும் டிக்கியையும் திறந்து பாருங்கள். பூட்டிய காருக்குள் ஒரு குழந்தை சோர்ந்து கிடப்பதைக் கண்டால், சாவிக்காரரைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். 112-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர், குழந்தைக்கு எட்டத்தில் உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான இரும்பால் ஓங்கி அடிக்கட்டும். முன் கண்ணாடியை அடிப்பதில் பயனில்லை. அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சிறு சிறு மணிகளாக உதிர்ந்துவிடும்.

டிக்கியும் சீட்டும்

டிக்கியும் ஒரு அறைதான். அதற்கும் உள்பக்கம் உண்டு. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் தயாரான கார்களில், டிக்கிக்குள் மாட்டிக்கொண்டவர் உள்ளேயிருந்தே திறக்க ஒரு பிடி இருந்தாக வேண்டும். இருட்டிலும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் காரில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின் சீட்டை மடக்கினால் வழி கிடைக்குமா என்று பாருங்கள். டிக்கியை மூடும்போது சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவதும் நல்ல பழக்கம். பெட்டி அடுக்கும் அவசரத்தில் சாவியை உள்ளே வைத்து மூடுவது பிரயாண நாளில்தான் நடக்கும்.

சீட்டும் ஒரு பூட்டுதான் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சீட் தண்டவாளத்தில் ஓடுகிறது. அதை ஓர் இடத்தில் நிறுத்துவது அடியில் உள்ள பல்லும் கொக்கியும். கம்பியைத் தூக்கி, நகர்த்தி, விட்டபின் உடம்பை முன்னும் பின்னும் ஓர் ஆட்டு ஆட்டிப் பாருங்கள். 'டக்' என்று விழவில்லை என்றால் பிரேக் போடும்போது சீட் நழுவும். கால் பெடலை விட்டு விலகிப்போகும். காரை ஓட்டிக்கொண்டே சீட்டை நகர்த்தவே கூடாது. ஓட்டுபவர் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். காற்றுப் பை விரிய அவ்வளவு இடம் வேண்டும். தலையணை கழுத்துக்கு அல்ல, தலைக்கு. அதன் மேல் விளிம்பு உச்சந்தலை அளவுக்கு வரட்டும். மடக்கும் பின் சீட்டை நிமிர்த்தியபின் கொக்கி மாட்டியதா என்று இழுத்துப் பாருங்கள். மாட்டாவிட்டால் டிக்கியில் உள்ள பெட்டியெல்லாம் குழந்தைகளின் முதுகில் வந்து மோதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி

ரயில்வேயில் பூட்டு ஒன்றில் கை வைத்தால், சோதித்துக் கையெழுத்துப் போடாமல் வண்டியை விடமாட்டோம். அதே சோதனையைப் பயணத்துக்கு முன் வீட்டில் செய்யலாம். மாலை வெயில் தணிந்தபின் குடும்பம் முழுவதும் காரில் உட்காருங்கள். ஒருவர் சாவியோடு வெளியே நின்று ரிமோட்டால் பூட்டட்டும். உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராக, அவரவர் சீட்டிலிருந்து, யார் உதவியும் இல்லாமல் வெளியே வர முயலட்டும். பாட்டிக்குக் கைப்பிடி எட்டுகிறதா? ஐந்து வயதுக் குழந்தைக்கு முன் சீட்டுக்குத் தாவி வரத் தெரிகிறதா? ஹார்ன் அடிக்கிறதா? பிறகு உலோகச் சாவியை வெளியே எடுத்து டிரைவர் கதவைத் திறந்து பாருங்கள். பல வருடம் தொடாத துவாரத்தில் தூசி அடைத்து, சாவி நுழையாமல் இருப்பதும் உண்டு.

யாரால் வெளியே வர முடியவில்லையோ, அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரைக் காரில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் வேறாக இருக்கும். குழந்தைகள் வளர வளர, பெரியவர்கள் தளரத் தளர மாறிக்கொண்டும் இருக்கும். எனவே ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்குமுன், இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. மெக்கானிக்கும் தேவையில்லை.