ஹீத்கிளிஃபுக்கு வெள்ளையடித்த கதை

‘வுதரிங் ஹைட்ஸ்’ படத்தை எடுத்து முடிக்கும் நேரத்தில் இயக்குநர் வில்லியம் வைலருக்கும் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கும் முட்டிக்கொண்டது. கதாநாயகன் ஹீத்கிளிஃப் பிணமாகக் கிடப்பதோடு படம் முடிந்தால் ஜனங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போவார்கள் என்பது கோல்ட்வினின் கவலை. செத்துப்போன காதலர்கள் ஆவியாகச் சேர்ந்து பனி மேட்டில் நடந்து போக வேண்டும் என்றார். வைலர் மறுத்துவிட்டார். கோல்ட்வினா விடுகிறவர்? வைலர் இல்லாமலேயே, லாரன்ஸ் ஒலிவியேவுக்கும் மெர்ல் ஓபரானுக்கும் டூப் போட்டு, அந்தக் காட்சியை எடுத்து ஒட்டிவிட்டார். 1939-ல் வெளியான அந்தப் படம் இன்றைக்கும் அப்படித்தான் முடிகிறது.

படத்துக்கு மூலமான எமிலி பிராண்டேயின் நாவலிலும் ஆவி உண்டு, இல்லாமல் இல்லை. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் ஹீத்கிளிஃபையும் ஒரு பெண்ணையும் மேட்டில் பார்த்ததாகச் சொல்லி அழுகிறான். ஆனால், எமிலி அதை ஊர்ப்பேச்சாக மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதற்கு முன்னால் நடந்தவைதான் அவருக்கு முக்கியம். அந்த ‘முன்னால் நடந்தவை’ படத்தில் கிடையாது.

1847-ல் எல்லிஸ் பெல் என்ற ஆண் புனைபெயரில் வந்த நாவல் இது. மொத்தம் 34 அத்தியாயங்கள். கதாநாயகி கேத்தி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு 16-ஆவது அத்தியாயத்தில் இறந்துபோகிறாள். மீதிப் பாதி, அடுத்த தலைமுறையின் கதை. ஹீத்கிளிஃப் தன்னை அடித்து வதைத்தவனின் மகனான ஹேர்ட்டனை எழுத்தறிவே இல்லாமல் பண்ணையாள்போல வளர்க்கிறான். கேத்தியின் மகளை வீட்டில் அடைத்துவைத்து, சீக்காளியான தன் மகனுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கிறான், எல்லாம் சொத்துக்காக. முதல் பாதியிலேயே இவன் லேசுப்பட்டவன் இல்லை. கேத்தியின் நாத்தனார் இசபெல்லாவை அழைத்துக்கொண்டு ஓடும் இரவில் அவளுடைய செல்ல நாயைக் கைக்குட்டையால் சுருக்கிட்டுத் தொங்கவிடுகிறான். நெல்லி என்ற பணிப்பெண் வந்து அவிழ்த்துவிடும்போது அதற்கு மூச்சு போகிற தறுவாய்.

நாயைத் தூக்கிலிடுகிறவனை யார் காதல் நாயகன் என்று கொண்டாடுவார்கள்? திரைக்கதை எழுதிய பென் ஹெக்டும் சார்ல்ஸ் மெக்ஆர்தரும் பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் நேரப் பற்றாக்குறை மட்டும் அல்ல. பின்பாதியை வெட்டினால் ஹீத்கிளிஃப் காதலுக்காக உருகிச் சாகிறவனாக மிஞ்சுவான். டிக்கெட் விற்பது அவன்தான்.

குணத்துக்கு அடித்த வெள்ளை இது என்றால், தோலுக்கு அடித்தது இன்னொன்று. நாவலில் ஹீத்கிளிஃப் கறுத்த நிறத்தவன். லிவர்ப்பூல் தெருவில் அநாதையாகத் திரிந்து, கேத்தியின் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளை. 18-ஆம் நூற்றாண்டின் அடிமை வணிகத்தில் கொழுத்த துறைமுகம் அது. கப்பலில் வேலை செய்யும் கீழைநாட்டு லஸ்கர் பெற்ற பிள்ளையோ என்று அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர் சந்தேகப்படுகிறார். அவன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருக்கலாமே என்று நெல்லி அவனைத் தேற்றுகிறாள். இன்ன இனம் என்று எமிலி கடைசிவரை முடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவனை வேற்று ஆளாக்குவதில் நிறத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திரையிலோ ஒலிவியே, ரால்ஃப் ஃபைன்ஸ், டாம் ஹார்டி என்று வெள்ளைக்கார நடிகர்களாகவே வந்துகொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1939 படத்தில் கறுப்பு ரத்தம் என்று அந்தக் காலத்தார் ஏளனமாகச் சொன்னது கதாநாயகியிடம் இருந்தது. மெர்ல் ஓபரான் 1911-ல் பம்பாயில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண். வளர்ந்தது கல்கத்தாவில். அம்மா என்று அவர் அழைத்த சார்லட் செல்பி இலங்கை வழி வந்தவர். உண்மையில் அவர் மெர்லின் பாட்டி. மெர்ல் நடிகையானதும் சினிமாக்காரர்கள் புதிய பூர்வீகம் தயாரித்தார்கள்: பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. மாநிறத்தவரான சார்லட்டை, வீட்டுக்கு வருகிறவர்களிடம் வேலைக்காரி என்று சொல்ல வேண்டியிருந்தது. 1978-ல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரம் தன் ‘மண்ணின் மகளுக்கு’ வரவேற்பு வேறு கொடுத்தது. 1983-ல் வந்த வாழ்க்கை வரலாற்று நூல்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தது. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்த அந்தப் படத்தில், நிறத்தால் ஒதுக்கப்பட்டவனாக வெள்ளைக்காரர் நடித்தார். தன் பூர்வீகம் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்தவர் யார்க்‌ஷயர் வெள்ளைக்காரச் சீமாட்டியாக நடித்தார்!

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கத்தைச் சரிசெய்தார்கள். 1954-ல் லூயி புனுவெல் கதையை மெக்சிகோவுக்குக் கொண்டுபோய், நாயகன் பணத்தோடு திரும்பிவரும் இடத்திலிருந்து ஆரம்பித்தார்; காதலைவிட வெறிதான் அதில் தெரியும். 1992-ல் பீட்டர் கோஸ்மின்ஸ்கி பின்பாதியையும் எடுத்தார். நடுவில் செத்துப்போகும் நாயகியை என்ன செய்வது? நம் கோடம்பாக்கம் காலம்காலமாகச் செய்ததையே அவரும் செய்தார்: ஜூலியட் பினோஷுக்கு அம்மா, மகள் இரட்டை வேடம். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு தலைமுறையை அடைத்ததில் பின்பாதி மூச்சிரைக்க ஓடுகிறது.

2011-ல் ஆண்ட்ரியா ஆர்னல்டு எடுத்ததுதான் என் கணக்கில் சிறந்தது. சிறுவன் ஹீத்கிளிஃபாக சாலமன் கிளேவ், பெரியவனாக ஜேம்ஸ் ஹவ்சன், இருவரும் கறுப்பினத்தவர். பின்னணி இசை கிடையாது, காற்றும் மழையும்தான். ராபி ரயனின் கேமரா சதுரம்போன்ற சட்டகத்துக்குள் சேற்றையும் வண்டையும் பறவை இறகையும் மூக்கருகே கொண்டுவந்து காட்டுகிறது. அந்தப் பையன்மேல் விழும் அடி நம்மேல் விழுகிறது. ஆனால் ஆர்னல்டும் பாதியோடு நிறுத்திவிட்டார். அடிபட்டவனைக் காட்டிய படம், அவனே அடுத்த தலைமுறையை அடிக்கும் கதைக்குப் போகவில்லை.

2024-ல் எமரல்ட் ஃபெனல் தன் படத்தில் ஹீத்கிளிஃபாக ஜேக்கப் எலோர்டியை அறிவித்ததும் நிறச் சண்டை மறுபடி கிளம்பியது. சண்டை போட்டவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் பெரும்பாலும் ஹீத்கிளிஃபைப் பற்றியே பேசினார்களே தவிர, ஹேர்ட்டனைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. நாவலின் கடைசியில் கேத்தியின் மகள் அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தருகிறாள். தப்பாகப் படித்தால் செல்லமாக அடி விழுகிறது. அவர்களைப் பார்க்கும் ஹீத்கிளிஃப் பழிவாங்கும் தெம்பை இழந்துவிடுகிறான். அந்தக் காட்சிக்காகவாவது யாராவது எட்டு, பத்து வாரத் தொடராக, கறுத்த ஹீத்கிளிஃபோடு இதை முழுசாக எடுத்தால் தேவலை.