திரைவழிச் சிகிச்சையும் சாத்திய கதவும்

சின்னஞ்சிறு காரியங்களுக்கும் மாதக்கணக்காக ஓயாது கவலுறும் நோயைப் பொதுப் பதகளிப்பு என்பர். ஆரன் பெக் 1960களில் வகுத்த முறையினின்று வளர்ந்த அறிகை நடத்தைச் சிகிச்சை, அக்கவலைகளை எழுதிவைத்து மெய்தானா எனச் சோதிக்கப் பழக்குவதாகும். மடுல்சீமைத் தொழிலாளி அதற்காகப் பதுளைக்குப் பஸ் ஏறினால் அன்றைய ‘பேர்’ போயிற்று. இணையவழியாயின் சிகிச்சை கைப்பேசியிலேயே வந்துவிடும். சிகிச்சையாளர் துணைநின்றால் இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனளிப்பதாக, பல நோய்கள் பற்றிய 20 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய சுவீடன் ஆய்வாளர் 2018இல் கண்டனர்.

எனினும் லயக் காம்பராவில் அடுத்த வீட்டு இருமலும் கேட்கும். மாமியாரைப் பற்றிய மனக்கலக்கத்தை அவர் செவிபட எந்த மருமகள் சொல்வாள்? பதுளையில் மருத்துவரோடு சாத்திய கதவும் அவளுக்குக் கிடைக்கிறது. தோட்ட மருந்தகத்திலே வாரம் ஒரு மணி நேரம் ஓர் அறை ஒதுக்கப்படுமாயின், பஸ் கட்டணமும் மிஞ்சும், பேரும் மிஞ்சும்.