மடக்குக் கத்தியின் பிடியை மாற்றலாமா?

பழைய அமெரிக்க மடக்குக் கத்திகளைச் சேர்த்து வைப்போர் சிலர், நெடுநாள் மூடியிருந்த பெட்டியைத் திறந்ததும் திடுக்கிடுவதுண்டு. பளபளத்த அலகுகளில் துரு. பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு! ஈரமே காரணம் என்று எண்ணி எண்ணெய் பூசுவர். ஆனால், கேடு கைப்பிடியிலிருந்தே வந்திருக்கக்கூடும்.

அமெரிக்கச் சகோதரர்களான ஜான் ஹையாட், ஐசாயா ஹையாட் இருவரும் 1870ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பொருள் செல்லுலாயிடு. நைட்ரிக் அமிலத்தாற் பக்குவப்படுத்திய பருத்தி நாருடன் கற்பூரம் சேர்த்து ஆக்கப்படுவது. தந்தம், ஆமையோடு, முத்துச்சிப்பி போன்ற தோற்றத்தை மலிவாகத் தந்ததால், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கத்திப் பிடிகளுக்கு மிகுதியும் பயன்பட்டது.

காலப்போக்கில் கற்பூரம் ஆவியாக, பிடி சுருங்கி வெடிக்கிறது. சிதையும் செல்லுலாயிடிலிருந்து வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள், காற்றின் ஈரத்தோடு கூடி நைட்ரிக் அமிலமாகின்றன. அவ்வமிலம் அந்தக் கத்தியை மட்டுமன்றி, பக்கத்திலுள்ளவற்றையும் அரிக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் இக்கேடு இன்னும் விரைந்து நிகழும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நலமாயுள்ள பிடியைத் தொடலாகாது. கத்தியின் மதிப்பு பெரிதும் அதன் அசல் தன்மையைப் பொறுத்தது. காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்தாற் போதும். நொறுங்கத் தொடங்கிய பிடியையோ அகற்றிவிடுவதே அறிவுடைமை. இல்லையேல் பிடியோடு எஃகும் போய்விடும்.

முதலில் கத்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்க. செல்லுலாயிடு எளிதில் தீப்பற்றும். ஆதலால் நெருப்போ பொறி பறக்கும் சாணை எந்திரமோ அருகில் வேண்டா. ஆணியின் தலையைக் கையரத்தால் மெல்ல அராவித் தட்டி எடுக்கலாம். ஆப்பச் சோடா கலந்த நீரால் உலோகத்தைத் துடைத்து, நன்கு உலர்த்தி எண்ணெயிடுக. உள் தகட்டையே அச்சாகக் கொண்டு மாட்டெலும்பை அறுத்து, அதன் பழைய துளைகளின் வழியே புதிய துளையிடுக. மெல்லிய பித்தளை ஆணியைச் செருகி, சிறு சுத்தியலால் பலமுறை இலேசாகத் தட்டுக. ஓங்கி அடித்தால் எலும்பு வெடித்துவிடும்.

பிடி மாற்றிய கத்தியின் விலை குறையலாம். எனினும் கத்தி பிழைக்கும். விற்க நேரின், பிடி புதியது என்பதை வாங்குவோரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லிச் செய்தால் அது பழுதுபார்ப்பு. மறைத்து விற்றால் மோசடி.