சம்மனும் இணக்கத் தண்டமும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாகனம் நிறுத்துவது நெடுங்காலம் சட்டத்தின் கண்ணில் படாத செயலாக இருந்தது. தோட்டச் சாலை தனியார் நிலம். அங்கே எது ஆகும், எது ஆகாது என்று சொன்னவர் தோட்ட நிர்வாகி. லாபு, நீலாய் வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயத்து மக்கள் ஊராட்சி மன்ற எல்லைக்குள் வந்தனர். மஞ்சள் கோடும் கட்டணப் பெட்டியும் உடன் வந்தன.

இவ்வதிகாரத்தின் வேர் இரண்டு சட்டங்களில் உள்ளது. ஊராட்சி மன்றங்களை அமைத்தது 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம். சாலையோர நிறுத்துமிடங்களை ஒதுக்கவும் கட்டணம் பெறவும் வழி செய்வது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதற்கான ஆணை அரசிதழில் வெளிவர வேண்டும். சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் 2020 ஜனவரி 1 அன்று இணைந்து சிரம்பான் மாநகர் மன்றம் ஆனதால், இரு வட்டாரங்களுக்கும் இன்று ஒரே மன்றமே பொறுப்பு.

அமலாக்க அதிகாரி கண்ணாடித் துடைப்பானில் செருகிச் செல்லும் தாளை நாம் எல்லாரும் ‘சம்மன்’ என்கிறோம். பெரும்பாலும் அது சம்மன் அன்று. மலாயில் ‘கொம்பாவுன்’ எனப்படும் அத்தாள், குறித்த தொகையைக் குறித்த நாளுக்குள் செலுத்தினால் வழக்குத் தொடுப்பதில்லை என மன்றம் முன்வைக்கும் ஓர் இணக்கம். இதனை ‘இணக்கத் தண்டம்’ எனலாம். சம்மன் என்பதோ நீதிமன்றத்தில் தோன்றுமாறு விடுக்கப்படும் ஆணை. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால், முதல் தாளைப் புறக்கணித்துப் பழகியவர் இரண்டாவதையும் புறக்கணிக்கிறார். அப்போது கைதாணை பிறக்கவும் இடமுண்டு. சொல்லாக்கத்தில் கருத்துச் செலுத்துவோர், தொழில்நுட்பச் சொற்களுக்குத் தரும் உழைப்பில் சிறிதை இங்கே செலவிடலாம்.

மன்ற உறுப்பினரை வாக்களித்து மாற்றவும் நமக்கு வழியில்லை. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் மீளவே இல்லை. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் தமிழரான செனட்டர் ஆதி நாகப்பன் என்பதையும், அவ்வாணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களையே பரிந்துரைத்தது என்பதையும் நம் இளையோர் பலர் அறியார்.

ஆகவே எஞ்சுவது எழுத்து முறையீடு. தாளிலுள்ள வாகன எண், இடம், நேரம் ஆகியவற்றை முதலில் ஒப்பிடுதல் வேண்டும். கோடு அழிந்திருந்தாலோ அறிவிப்புப் பலகை மரக்கிளையில் மறைந்திருந்தாலோ, அன்றே படம் எடுத்து, குறித்த நாள் கடக்குமுன் மன்ற அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.