புகார் கொடுத்த சூட்டோடு வீடு புகுந்து வெட்டு!
"ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்று பையன் சொன்னால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

மார்த்தாண்டம்-

மாலையில் பள்ளிக்கூட மணி அடித்து விட்டால் மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் எங்கு பார்த்தாலும் யூனிபார்ம்தான். கருங்கல், குலசேகரம், களியக்காவிளை பஸ்களில் மாணவ-மாணவிகள் முண்டியடித்து ஏறுவார்கள்.

அதில் ஒரு பையன் முகம் வாடி வீட்டுக்கு வருகிறான். "என்ன மக்களே, ஒரு மாதிரி இருக்க?" என்று தாயார் கேட்கிறார். "ஒண்ணும் இல்லம்மா" என்கிறான். நாலு நாள் கழித்து "இனி ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்று படுத்துக் கொள்கிறான்.

"படிக்க மடி" என்று நாம் திட்டுகிறோம். எல்லா நேரமும் அது மடி அல்ல.

நாங்குனேரி பயங்கரம்

மார்த்தாண்டத்தில் திருநெல்வேலி பஸ் ஏறினால் வள்ளியூரை அடுத்து வருவது நாங்குனேரி. அந்த ஊர் பிளஸ்-2 மாணவர் ஒருவர் வள்ளியூர் பள்ளியில் படித்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்த அவருக்கு உடன் படித்த சிலர் தொல்லை கொடுத்தார்கள். அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். காரணம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் புகார் செய்யப்பட்டது.

அந்தச் சூட்டோடு, 9-8-2023 இரவு, அரிவாளுடன் ஒரு கும்பல் வீடு புகுந்தது. மாணவரைச் சரமாரியாக வெட்டியது. தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு! பிடிபட்டவர்கள் சிறுவர்கள்.

கையில் பலத்த காயம் அடைந்த அந்த மாணவர், தான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத, பரீட்சை முடித்தார். 600-க்கு 469 மார்க் எடுத்தார்!

புத்தகப் பையில் அரிவாள்

15-4-2025 அன்று பாளையங்கோட்டை தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு மாணவன், உடன் படித்தவனை வகுப்பறையிலேயே வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். பென்சில் தகராறில் வந்த பகை என்று விசாரணையில் தெரிந்தது.

சந்துரு அறிக்கை

நாங்குனேரி சம்பவத்துக்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு மாணவர் நல அதிகாரி வேண்டும் என்று அதில் சிபாரிசு செய்யப்பட்டது.

பெற்றோர் கவனிக்க

பையன் போக மாட்டேன் என்றால் அடிக்க வேண்டாம். யார், எந்த இடத்தில், எந்த பஸ்சில் தொல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். எழுதிக் கொடுத்து நகல் வைத்துக் கொள்ளுங்கள். "இன்னார் சொன்னார்" என்று வகுப்பில் பெயரை வாசிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். புகார் கொடுத்த முதல் சில நாள், போக வர வீட்டு ஆள் ஒருவர் துணைக்குப் போகட்டும்.

பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098. மிரட்டல் என்றால் தாமதம் வேண்டாம், போலீசுக்கு 100.

இந்த மூன்று நம்பரையும் பையனின் நோட்டு அட்டையில் இன்று ராத்திரியே எழுதி வையுங்கள்.