சுண்ணாம்புப் பாறையில் ஒரு புதிய லைக்கன்

பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்க்கூட்டு லைக்கன். ஒளிச்சேர்க்கை மூலம் உணவு தயாரிப்பது பாசி. அதைப் பொதிந்து காத்து, ஈரத்தைப் பிடித்து வைப்பது பூஞ்சை. செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அது இலைபோல் விரிந்து வளர்வதால் எளிதில் கண்ணில் படும். வட ஐரோப்பியச் சுண்ணாம்புப் பாறைகளில் வாழும் லைக்கன்கள் பல அப்படியல்ல. பாறையின் மேற்பரப்பு சற்று வெளுத்திருக்கும், அதில் கரும்புள்ளிகள் சில இருக்கும், அவ்வளவே. அப்படிப்பட்ட ஒன்றைப் புதிய சிற்றினம் என்று நிறுவுவதில், கண்டெடுக்கும் வேலை சிறியது. ஒப்பிடும் வேலையே பெரியது.

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியில் சிலிக்கா மிகுந்த பாறைகளே அதிகம். அவற்றுக்கு இடையே ஆங்காங்கே சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் வெளியே தெரியும். இவை காரத்தன்மை உள்ளவை. அதனால் சில அடி தூரத்திலேயே லைக்கன் கூட்டம் முற்றிலும் மாறிவிடும். சிலிக்காப் பாறையில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் படரும் ரைசோகார்ப்பான் இனங்கள் மறைந்து, வெர்ருக்கேரியேசி குடும்பத்தினர் தென்படுவார்கள். இக்குடும்பத்தில் சில சிற்றினங்களின் உடல் கல்லுக்குள்ளேயே புதைந்திருக்கும். கனியுடல் உதிர்ந்தபின் கல்லில் சிறு குழி மட்டும் மிஞ்சும்.

இக்குடும்பத்தில் அட்லா என்ற பேரினத்தை 2008இல் சான்யா சாவிச்சும் லெய்ஃப் டிபெல்லும் புதிதாக வகுத்தார்கள். 2016இல் யூஹா பியூகலாவும் லேனா மில்லுசும் சுண்ணாம்புப் பாறைகளில் வாழும் மேலும் மூன்று அட்லா சிற்றினங்களை விவரித்தார்கள். அவற்றில் ஒன்றான அட்லா ஔலங்காயென்சிஸ், வடகிழக்குப் பின்லாந்தின் ஔலங்கா பகுதியின் பெயரைத் தாங்கியது.

மலையில் செய்யும் வேலைக்குச் சுத்தியல், உளி, கைலென்ஸ் போதும். பாறையோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்க முடியாது என்பதால் கல்லையே சில்லுகளாகப் பெயர்க்க வேண்டும். இடம், உயரம், பாறை வகை, தேதி ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பு இல்லாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் குறைவுதான்.

ஆய்வகத்தில் பெரிதீசியம் எனப்படும் குடுவை வடிவக் கனியுடலைப் பிளேடால் மெல்லிய சீவலாக நறுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கனியுடலின் அகலம், அதன் மேலுறை எதுவரை இறங்குகிறது, ஸ்போர்களின் நீள அகலம் ஆகியவை கணக்கில் வரும். ஸ்போர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பலவற்றை அளந்து வீச்சையும் சராசரியையும் தருவதே முறை. அட்லாவின் ஸ்போர்களில் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புகள் ஓடி, செங்கல் சுவர்போல் பல அறைகள் இருக்கும். ஸ்டாரோதீலே என்ற உறவுப் பேரினத்திலும் இப்படித்தான். ஆனால் அதன் கனியுடலுக்குள் பாசிச் செல்களும் இருக்கும், அட்லாவில் இருக்காது.

பின்லாந்து அறிஞர் வில்லியம் நைலாண்டர் 1866இல் அறிமுகப்படுத்திய நிறச் சோதனைகள், வேதிப்பொருள் மிகுந்த லைக்கன்களைப் பிரித்தறிய இன்றும் உதவுகின்றன. வெர்ருக்கேரியேசியில் அத்தகைய பொருள்கள் பொதுவாக இல்லாததால் அந்த வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. எனவே டிஎன்ஏவை நாட வேண்டியிருக்கிறது. 2012 முதல் பூஞ்சைகளை அடையாளம் காணும் பொது வரிக்குறியாக ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி ஏற்கப்பட்டுள்ளது. கல்லில் வேறு பூஞ்சைகளும் கலந்திருக்கலாம் என்பதால் கனியுடலிலிருந்தே மாதிரி எடுப்பது நல்லது.

இதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. இந்த லைக்கனுக்கு ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டிருக்கிறதா? 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மாசலோங்கோ, நைலாண்டர் போன்றோர் சூட்டிய பெயர்கள் ஏராளம். அக்கால வருணனைகள் பல, இன்றைய பிரிவினைக்குப் போதாதவை. ஆகவே அந்தப் பெயர்களுக்கு ஆதாரமான வகை மாதிரிகளை, உலர் மாதிரிகளைக் காக்கும் ஹெர்பேரியங்களிலிருந்து வரவழைத்துப் பார்க்க வேண்டும். பழைய மாதிரிகளில் டிஎன்ஏ சிதைந்திருப்பது வழக்கம் என்பதால் பெரும்பாலும் கண்ணையும் அளவுகோலையும்தான் நம்ப வேண்டும். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புதிய சிற்றினம் அறிவிப்பதை விதி தடுக்கவில்லை. ஆனாலும் அது துணிச்சலான செயல்தான்.

வெளியீட்டுக்கும் விதிகள் உண்டு. ஒரு மாதிரியை மூல வகை மாதிரி எனக் குறிப்பிட்டு, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 2012 முதல் வருணனை லத்தீனில் மட்டுமல்லாமல் ஆங்கிலத்திலும் இருக்கலாம். 2013 முதல், மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் இல்லாத புதிய பெயர் செல்லாது. லைக்கனுக்குச் சூட்டப்படும் பெயர் பூஞ்சைக்கே உரியது. உடன் வாழும் பாசிக்குத் தனிப் பெயர் உண்டு.

பின்னால் வரும் ஆய்வாளர், புதிய பெயரும் ஏற்கெனவே உள்ள ஒரு பெயரும் ஒரே சிற்றினத்தைக் குறிப்பதாகக் காட்டினால் மூத்த பெயரே நிலைக்கும். இந்த முன்னுரிமைக் கணக்கு, லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ஸ்பீசிஸ் பிளாண்டாரம் நூலிலிருந்து தொடங்குகிறது.